ஆண்டவரின் பாட்டன்மாரை விழுங்கிய கோயில்பிள்ளை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழையும் நிறைய இருக்கும். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருஷம் கோயில் புத்தகங்களை எழுதியதில் ஒரே ஒரு சொல்லை மட்டும் அழகாக எழுதினேன். அந்தச் சொல்லால் ஒரு பெண்ணின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. ஆகவே கோணல் எழுத்தைக் கண்டு யாரும் கவலைப்பட வேண்டாம். எழுத்து கோணலாக இருக்கும்வரை நான் உண்மையைத்தான் சொல்கிறேன் என்று அர்த்தம்.

இதை எழுதச் சொன்னவர் எனக்குப் பிறகு வேலைக்கு வந்த கோயில்பிள்ளை. மலையாளத்தார் கபியார் என்பார்கள். மணி அடிப்பது, மெழுகுதிரி கொளுத்துவது, பூசை உடுப்பை மடித்து வைப்பது, ஞானஸ்நானப் புத்தகம் எழுதுவது, சாமியாருக்குக் கோபம் வந்தால் நின்று வாங்கிக்கொள்வது எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். போன வாரம் அவர் என் வீட்டுக்கு வந்து சாயா குடித்துக்கொண்டே சொன்னார்:

"அண்ணாச்சி, ஒரு நல்ல சேதி. ரோமாபுரியில இருந்து புதுப் புத்தகம் வருதாம். மாதா பிறந்தநாள் பூசையில அந்தப் பேர்ப் பட்டியலை இனிமே விட்டுடலாமாம். கடைசியில கொஞ்சம் வாசிச்சாப் போதுமாம்."

"யாரு சொன்னா?"

"புது அச்சன்தான். தப்பிச்சோம்ல? யோசபாத்து, சொரொபாபேலுன்னு சொல்லிச் சொல்லி என் பல்லே ஆடுது."

பிறகு, அந்தத் திருநாளன்று கோயில்பிள்ளை செய்ய வேண்டிய வேலைகளை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டார். எத்தனை மெழுகுதிரி, எந்த உடுப்பு, எத்தனை மணி என்று. அதை எழுத உட்கார்ந்தேன். இதுதான் வந்தது.

நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு மூட்டை தூக்க வந்தவன். இஞ்சி மண்டியில் மூன்று வருஷம் தூக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது. ஐம்பதாம் வருஷம் எங்கள் தமிழ்க் கோயிலில் ஆள் தேவைப்பட்டது. எனக்கு வாய் கிடையாது, யாரைப் பார்த்தாலும் கூச்சம். கோயில் வேலைக்கு அது பெரிய தகுதி என்று எடுத்துக்கொண்டார்கள். லத்தீன் பதில்களை அர்த்தம் தெரியாமல் ஆறு மாதத்தில் மனப்பாடம் செய்தேன். உயரமான மெழுகுதிரியைச் சட்டையில் சொட்டாமல் அணைக்க இன்னும் ஆறு மாதம் ஆனது. என் பயிற்சி அவ்வளவுதான்.

எங்கள் கோயில் திருநாள் செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள். அன்றைய சுவிசேஷம் சேசுநாதரின் வம்ச வரலாறு. ஆபிரகாமில் தொடங்கி நாற்பது பெயருக்கு மேல் வரும். அந்தக் காலத்தில் சாமியார் அதை லத்தீனில் இழுத்து இழுத்து வாசிப்பார். அது சுவிசேஷம் என்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் காதில் விழுந்தது பெயர்கள் மட்டும். பெயர் வரிசையாக வந்தால் அது பிரார்த்தனை மாலை என்றுதான் எங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே பெண்கள் பக்கத்து முன்வரிசை ஒவ்வொரு பெயருக்கும் மெல்ல முணுமுணுக்கும்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." யூதாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ராகாபே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். அவர்கள் யார் யாரிடம் வேண்டினார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐம்பத்தைந்தில் புதுச் சாமியாராக வர்க்கி அச்சன் வந்தார். குட்டையான மனிதர். மூக்குப்பொடி போடுவார். கோட்டயத்துப் பக்கத்து மலையாளி. தமிழ் ஒருமாதிரி பேசுவார், தமிழ் எழுத்து ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. தமிழர் கோயிலுக்கு அவரை ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டதற்கு, "அவருக்கு நான் செய்த பாவம், நிங்களுக்கு அவர் செய்த பாவம்" என்றார். 'அவர்' என்றது ஆயரை.

அவர் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. எதைக் கேட்டாலும் "நோக்கட்டே" என்பார், பார்க்கலாம் என்று. பொடி போடுவதற்கு முன்னால் சொன்னால் சம்மதம். போட்ட பிறகு சொன்னால் நடக்காது. பொடி டப்பியை மூடிவிட்டுச் சொன்னால் இனி அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் உள்ளங்கையை மை மேல் வைத்து, ஈரம் காய்ந்ததா என்று பார்ப்பார். வாசிக்கத் தெரியாத தாளைத் தடவியாவது பார்க்கிறாரே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

புத்தகத்தைப் பற்றி அவருக்கு ஒரே சட்டம்தான் உண்டு. பிளேடு வைத்துச் சுரண்டக்கூடாது. பிழை வந்தால் அதன்மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது தெரிய வேண்டும். ஓரத்தில் சரியானதை எழுதி, எழுதியவன் பெயரைப் போட வேண்டும். "பிழை ஓடிப்போகக் கூடாது. அதும் இங்கே இருக்கட்டும்" என்பார்.

ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. தேதி, பிள்ளையின் பெயர், தகப்பன், தாய், ஞானத்தகப்பன், ஞானத்தாய், சாமியார் கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'சர்வேசுரனுக்குத் தோத்திரம்' என்று எழுதியிருக்கும். மட்டாஞ்சேரி ஈரத்தில் எந்தத் தாளும் பத்து வருஷம் தாங்காது. மிச்சத்தைச் செல்லுப்பூச்சி பார்த்துக்கொள்ளும். ஐம்பத்தாறாம் வருஷத்து மழைக்குப் பிறகு பழைய புத்தகம் ஒன்றைத் திறந்தால் மாவு கொட்டியது. அச்சன் பொடி போடுவதற்கு முன்னாலேயே "புதுப் புத்தகத்தில் பகர்த்து எழுது, பழையதை எரிச்சுக் கள" என்றார்.

இரண்டு மாதம் பழையதைப் பார்த்துப் பார்த்துப் புதியதில் எழுதினேன். கட்டம் கட்டமாக நிறைந்துகொண்டே வந்தது. நாற்பத்தொன்பதாம் வருஷத்தில் ஒரு வரி. பிள்ளை பிலோமினா. தாய் மரியம்மாள். தகப்பன் கட்டத்தில் முந்தைய சாமியார் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார். தெரியாது என்று அர்த்தம்.

மரியம்மாளை எனக்குத் தெரியும். மிளகு புடைக்கிற கிட்டங்கியில் வேலை செய்தாள். எங்கள் ஊர்ப் பக்கம். பிள்ளையின் தகப்பன் யார் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. பிலோமினாவுக்கு அப்போது ஏழு வயது. முதல் நன்மை, அதாவது முதல் தடவையாக நற்கருணை, வாங்கப் போகிறவர்கள் பட்டியலில் மற்றப் பிள்ளைகளை எல்லாம் தகப்பன் பெயரோடு கூப்பிட்டார்கள். அவளை மட்டும் வெறுமனே கூப்பிட்டார்கள்.

அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். பக்கம் முழுக்க நிறைந்திருக்கிறது, ஒரு கட்டம் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி. இரக்கமா, கட்டம் காலியாக இருக்கிறதே என்ற எழுத்துக்காரன் அரிப்பா, இப்போது சொல்லத் தெரியவில்லை. 'சூசை' என்று எழுதினேன். ஊரில் வீட்டுக்கு ஒரு சூசை உண்டு, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பொய் என்பதால் கை நடுங்கியது. நடுங்கக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, மெல்ல மெல்ல எழுதினேன். அதனால்தான் அது அழகாக வந்துவிட்டது.

பழைய புத்தகத்தை எரிக்காமல் ஜூதத் தெருவில் பைண்டு போடும் எலியாவிடம் கொடுத்தேன். அட்டை நன்றாக இருந்தது, அவனுக்குப் பயன்படும். தாள்களை அடுப்பில் போடச் சொன்னேன். எலியா யூதன். என் வயதுக்காரன். என் கூச்சத்தைக் கிண்டல் செய்வதே அவனுக்குப் பொழுதுபோக்கு.

பிறகு பன்னிரண்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. லத்தீன் போய்ப் பூசை தமிழில் வந்தது மட்டும்தான் பெரிய மாற்றம். அச்சனுக்குத் தமிழ் வாசிக்க வராது. சட்டப்படி சுவிசேஷத்தைச் சாமியார்தான் வாசிக்க வேண்டும். அவர் தாழ்ந்த குரலில் மலையாளத்தில் தனக்குத்தானே வாசித்துக்கொள்வார். நான் ஜனங்களுக்குத் தமிழில் வாசிப்பேன். கோயில் முழுக்க என்னையே பார்க்கும். முதல் வருஷம் செப்டம்பர் எட்டுக்கு யோசபாத்தில் திக்கினேன். சொரொபாபேலில் சிக்கினேன். பின்வரிசையில் சிரித்தார்கள். அடுத்த வருஷம் புத்திசாலித்தனமாக ஆபிரகாம், தாவீது, சூசை என்று மூன்றே தாண்டலில் முடித்துவிட்டேன். அச்சனுக்குத் தெரியவில்லை. ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். பட்டியலை விட்டுவிடலாம் என்று ரோமாபுரிக்கு முன்னாலேயே கண்டுபிடித்தவன் நான்தான்.

நான் தாண்டியதைக் கண்டுபிடித்தவர் ஒருவர் இருந்தார். மச்சாடு அண்ணாச்சி. கோயில் கமிட்டித் தலைவர். படகுத்துறைப் பக்கத்தில் கயிற்றுக்கடை. அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு மரம் தொங்கும். திருப்பூணித்துறையில் ஒரு படக்காரனைக் கொண்டு வரைந்தது. வேரில் முதல் மச்சாடு இடுப்பளவு கடல் தண்ணீரில் நின்று ஞானஸ்நானம் வாங்குவார். மேலே கிளை கிளையாக, இலைக்கு ஒரு பெயர். எல்லாம் ஆண்கள். மச்சாடு வம்சம் பெண்கள் இல்லாமலே நானூறு வருஷம் பெருகியிருக்கிறது என்பது அந்தப் படத்தைப் பார்த்தால் தெரியும்.

"கோயில்பிள்ளை, ஆண்டவரோட பாட்டன் முப்பாட்டனையெல்லாம் முழுங்கிட்டீரு," என்றார் அவர். "அது சேசுநாதரோட வம்சம்யா. அடுத்த வருஷம் ஒரு பேரு குறையக்கூடாது. எண்ணிக்கிட்டே இருப்பேன்."

அறுபத்தெட்டு ஆகஸ்டில் அவருடைய ஒரே மகன் பெனடிக்ட், படகுத்துறையில் என்ஜின் மெக்கானிக், ஒரு பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்றான். பெண் பிலோமினா.

மச்சாடு அண்ணாச்சி ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டார். நான் எழுதிக் கொடுத்தேன். அச்சன் மை காய்ந்ததா என்று தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி அங்கேயே நின்று வாசித்தார்.

"தகப்பன் சூசை. சரி. எந்தச் சூசை? பட்டப்பேரு என்ன? எந்தத் தெரு? யாரு மகன்?"

"பு... புத்தகத்துல அவ்வளவுதான் இருக்கு."

"சேசுநாதருக்கு நாப்பத்திரண்டு தலைமுறை எழுதி வச்சிருக்காங்க. இந்தப் பொண்ணுக்கு ஒரு தலைமுறை கேட்டா ஒரு சூசையைக் காட்டுறீரு. இந்தச் சூசை யாருன்னு தெரியாம என் மகனுக்கு ஓலை வாசிக்க விட மாட்டேன்."

ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு, பூசையில், இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் என்று சத்தமாக வாசிக்க வேண்டும். தடை தெரிந்தவர் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை மரியம்மாள் கோயில் வாசலில் நின்றாள். தலையில் மிளகுத் தூசி. இருபது வருஷமாக அவளைப் பார்த்தாலே எனக்கு வார்த்தை வராது.

"அண்ணே, எனக்கு ஒரு புருஷன் இருக்காராமே? உங்க புத்தகத்துல எழுதியிருக்காம். மச்சாடு வந்து கேக்குறாரு. சூசையாம் பேரு. ஆளு எங்க இருக்காருன்னு கேட்டுச் சொல்லுங்க. பத்தொம்பது வருஷமா வீட்டுக்கு வரலை, என்ன ஏதுன்னு விசாரிக்கணும்."

"மரியம்மா..."

"நல்ல ஆளா? குடிப்பாரா?"

"நான்தான் எழுதினேன்."

அவள் சிரிப்பு நின்றது. "நான் உங்ககிட்ட கேட்டேனாண்ணே?" என்றாள். "கோடுன்னா கோடு. ஊருக்கே தெரிஞ்ச கோடு. அதை வச்சுக்கிட்டே அவளை வளத்துட்டேன். இப்ப நீங்க குடுத்த சூசையால நான் பொய்க்காரி ஆயிட்டேன்."

அன்று மாலை அச்சன் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். பக்கத்தைத் திறந்து, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். விரல் நேராகப் போய் அந்தச் சொல்லில் நின்றது.

"எடோ அந்தோணி. இந்தப் புத்தகம் முழுதும் நீ எழுதியது நண்டு நடந்தது போல. இது ஒன்று மட்டும் எந்தா முத்து போல?"

நான் மைக்கூட்டை மூடினேன், திரும்பத் திறந்தேன்.

"எடோ. நீயாணோ அந்தத் தகப்பன்?"

"மாதாவே! இல்லை அச்சோ!"

"பின்னே எதுக்கு எழுதினாய்?"

"கட்டம் காலியா இருந்தது அச்சோ."

அவர் அந்தச் சொல்லிலிருந்து விரலை எடுத்தார். "பழைய புத்தகம்?"

"எரிச்சாச்சு" என்றேன். ஒரு பொய்க்கு இன்னொன்று துணை. நான் அப்படித்தான் நம்பியிருந்தேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். அவர் பொடி டப்பியை மூடினார்.

இரண்டு நாள் கழித்து எலியா தலையில் ஒரு தகரப் பெட்டியோடு கோயிலுக்கு வந்தான். அவன் குடும்பத்தோடு இஸ்ரவேலுக்குப் புறப்படுகிறான். கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

"அந்தோணி, உன்றெ சாமான். திருப்பி எடுத்துக்கோ."

திறந்தால் பழைய புத்தகத்தின் தாள்கள். செல்லு அரித்தது போக மீதி எல்லாம் அடுக்கி நூலில் கட்டியிருந்தது.

"இதை அடுப்புல போடச் சொன்னேனே?"

"ஒவ்வொரு பக்கத்திலும் கடவுள் பேர் எழுதியிருக்கே. கடவுள் பேர் உள்ள தாளை எங்க ஆளுக எரிக்க மாட்டோம். பழசானா ஒரு பெட்டியில போட்டு வைப்போம், பின்னே புதைப்போம். உங்க கடவுள்தான், ஆனாலும் பேர் பேர்தானே. எங்க இடத்தில புதைச்சா எங்க ஆளுக சண்டைக்கு வருவாங்க. நீயே புதை."

அச்சன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நாற்பத்தொன்பதாம் வருஷத்துத் தாளைச் செல்லு தொடவில்லை. கோடு இருந்தது.

எலியாவிடம் அன்றைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மச்சாடு எண்ணப்போகிறாரே, இந்தப் பெயர்களைச் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டாமா? பட்டியலை எடுத்து வைத்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இத் முழுதும் எங்க ஆளுகளாச்சே! ஒரு தூத்துக்குடிக்காரன் உண்டோ பாரு. உங்க திருநாளுக்கு எங்க வீட்டு ஆளுகளைக் கூப்பிட்டு வாசிக்கிறது, எங்களை விருந்துக்குக் கூப்பிடுறதில்லை." பிறகு விரலை வைத்து நிறுத்தினான். "இந்தத் தாமார் ஆரு தெரியுமோ? ராகாப் எந்து தொழில் தெரியுமோ?"

சொன்னான். என் காது சிவந்துவிட்டது. பதினெட்டு வருஷமாக எங்கள் முன்வரிசைப் பெண்கள் யாரிடம் வேண்டிக்கொண்டிருந்தார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

ஓடிப்போய் அச்சனிடம் கேட்டேன், இதெல்லாம் நிஜமா என்று. நிஜம் என்றார். இன்னும் மோசம் என்றார். மத்தேயு பதினாலு பதினாலாகக் கணக்கு சரியாக வர வேண்டும் என்று மூன்று ராஜாக்களையே விட்டுவிட்டாராம். லூக்காஸ் எழுதிய பட்டியலில் சூசையின் தகப்பன் பெயரே வேறாம். இந்த இரண்டு புத்தகத்தையும் ஆயர் விசாரணைக்கு நான் கொண்டுபோயிருந்தால் அன்றே என் வேலை போயிருக்கும்.

"மத்தேயுவும் உன் தொழில்காரன்தான், எடோ," என்றார் அச்சன். "வரி ஆபீஸில் புத்தகம் எழுதினவன். கட்டம் நிறைய வேண்டும் என்கிற கேடு அவனுக்கும் உண்டு. ராஜாக்களை முழுங்கினான். பக்ஷே அந்தப் பெண்களை முழுங்கவில்லா. அத் நோக்கு." புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "ஒரு கோடு போடு. சுரண்ட வேண்டா. ஓரத்தில் எழுது, இது பொய், எழுதினது அந்தோணி என்று. நூறு வருஷம் கழிந்து வருகிறவனும் வாசிக்கட்டே."

"வேலையில இருந்து நீக்கிடுவீங்களா அச்சோ?"

"நோக்கட்டே" என்றார். பொடி டப்பியைக் கையில் எடுக்கவே இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அவரோடு பதின்மூன்று வருஷம் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

கோடு போட்டேன். ஓரத்தில் எழுதினேன். அது என் வழக்கமான கோணல் எழுத்தில்தான் வந்தது.

பிறகு அச்சன் மரியம்மாளையும் பிலோமினாவையும் பெனடிக்டையும் கூப்பிட்டுக் கேட்டார், ஓலையில் என்ன வாசிப்பது என்று. தகப்பன் பெயர் தெரியாதது சபைச் சட்டத்தில் ஒரு தடையே இல்லை என்றும் சொன்னார். ஆனால் மச்சாடு ஜனங்கள் முன்னால் எழுந்து நின்று கத்தினால், மகனை இழுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது? அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிலோமினா தரையைப் பார்த்துக்கொண்டு, "இருக்கிறதை வாசிங்க. அப்புறம் வர்றது வரட்டும்" என்றாள். பெனடிக்ட் அவள் பக்கத்தில் போய் நின்றான். தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் ஓலைக்கு அமைந்த ஞாயிறு, செப்டம்பர் எட்டு.

கோயில் நிறைந்திருந்தது. மச்சாடு அண்ணாச்சி முதல் பெஞ்சில், வேட்டி மடிப்புக் கலையாமல், எண்ணுவதற்குத் தயாராக விரலை மடக்கி வைத்திருந்தார். நான் தொடங்கினேன். ஆபிரகாம், ஈசாக், யாக்கோப். எலியா சொல்லிக் கொடுத்தபடி யோசபாத் நாக்கில் வழுக்கிக்கொண்டு போனார். ஒருவரையும் விழுங்கவில்லை. தாமாரை வாசித்தேன், ராகாபை வாசித்தேன், ரூத்தை வாசித்தேன். உரியாசின் மனைவியை வாசித்தேன். தமிழ் வந்து மூன்று வருஷம் ஆகியும் முன்வரிசைக்குப் பழைய வழக்கம் போகவில்லை. வேண்டிக்கொள்ளும், வேண்டிக்கொள்ளும் என்று அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று வந்துகொண்டே இருந்தது. சூசைக்கு வந்ததும் அது நின்றுவிட்டது. அவர் யாரையும் பெறவில்லை. மரியாளின் கணவர், அவ்வளவுதான். எத்தனையோ தடவை வாசித்த இடம். அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆண்டவருடைய வரியிலும் அந்தக் கட்டத்தில் கோடுதான்.

அச்சன் பிரசங்கத்துக்குத் திரும்பினார்.

"நிங்கள் கேட்டது சேசுநாதரோட குடும்பம். கமிட்டித் தலைவர் முழுசா வாசிக்கணும் என்றார், வாசிச்சாச்சு. அதில நாலு பெண்கள் உண்டு. தாமார். மாமனாரை ஏமாத்தி அவர்கிட்டயே பிள்ளை பெற்றவள். ராகாப். அவள் தொழில் நான் சொல்ல மாட்டேன், பஜார் ரோட்டில எல்லார்க்கும் அறியாம். ரூத். வேற ஜாதி, வேற ஊர், கஞ்சிக்கு வழியில்லாம வந்தவள். பின்னே உரியாசின் பெண்டாட்டி. ராஜா அவளை எடுத்தான், புருஷனைக் கொல்லச் சொன்னான். இந்தக் குடும்பத்தில நம்ம கமிட்டி பெண்ணெடுக்குமோ? எடுக்காது. சர்வேசுரன் அதில பிறந்தார். கடைசியில சூசை. பெற்றவன் இல்லா. கூட நின்னவன். மதி, போதும். ஓலை வாசி, அந்தோணி."

நான் ஓலையைப் பிரித்தேன்.

"மச்சாடு லாசருக்கும் ஞானப்பூவுக்கும் மகன் பெனடிக்டுக்கும்," என்று வாசித்தேன். மூச்சு வாங்கினேன். மரியம்மாள் கடைசித் தூணருகில் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். "மரியம்மாளின் மகள் பிலோமினாவுக்கும்..."

அவ்வளவுதான். வேறு பெயர் வரவில்லை. அந்த இடைவெளியில், பெயரைக் கேட்டுப் பழகிப்போன முன்வரிசை, ஒரே குரலில்:

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

யாரோ ஒருத்தர் முதலில் சிரித்தார். பிறகு கோயிலே சிரித்தது. மரியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அச்சன் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் ஆடியது. மச்சாடு அண்ணாச்சி எழுந்திருக்கப் போனார். கோயில் முழுக்கச் சிரிக்கும்போது கோபமாக எழுந்து நிற்பது கஷ்டம். பாதி எழுந்தவர், வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பூசை முடிந்து உடுப்பு அறைக்கு வந்தார். "அச்சோ, இது எனக்கு வச்ச ஆப்பு."

"முழுசா வாசிக்கச் சொன்னது நிங்கள்."

"கல்யாணத்தைத் தடுக்க மாட்டேன். ஆனா என் வீட்டு மரத்துல அவ பேரு ஏறாது."

"அது நிங்களுடெ மரம்" என்றார் அச்சன், பொடி எடுத்துக்கொண்டே.

கல்யாணம் நடந்தது. கல்யாணப் புத்தகத்தில் பெண்ணின் தகப்பன் கட்டத்தில் நானே கோடு போட்டேன். நேராகவே வந்தது. என்னை யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை. இந்த வருஷத் தொடக்கத்தில் வர்க்கி அச்சனை வேறு ஊருக்கு மாற்றினார்கள். முழங்கால் போட்டுப் போட்டு என் முழங்காலும் போய்விட்டது, நானும் வேலையிலிருந்து நின்றுகொண்டேன்.

புதுக் கோயில்பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். மெழுகுதிரி ஆறு, உடுப்பு வெள்ளை. பட்டியலை விடலாம் என்று ரோமாபுரி சொன்னால் விடலாம்தான். விடாதீரும். பதினெட்டு வருஷம் இந்த ஊர்ப் புத்தகங்களை எழுதியவன் சொல்கிறேன். நல்ல குடும்பம் என்று ஒன்று இருந்திருந்தால் ஆண்டவர் அதில் பார்த்துப் பிறந்திருப்பார். அப்படி ஒன்று இல்லை. பல் ஆடினாலும் பரவாயில்லை, வாசியும்.

நேற்று மாலை மச்சாடு அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். கக்கத்தில் அவர் வீட்டுக் கூடத்து மரப் படம். சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். பிலோமினாவுக்குப் போன மாதம் பிள்ளை பிறந்தது, பெண்பிள்ளை.

"ஒரே மகன். அவனுக்கும் பொண்ணு," என்றார் என்னைப் பார்க்காமல். "பொண்ணு பேரை எழுதலைன்னா மரம் இதோட நின்னுடும். எழுதறதுன்னு வந்தா எல்லாத்தையும் எழுதிடுவோம். பிள்ளை பேரு, அவ ஆத்தா பேரு, அவளோட ஆத்தா பேரு. மரியம்மாள்னு. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்."

"திருப்பூணித்துறைப் படக்காரர்கிட்டக் கொடுக்கலாமே அண்ணாச்சி. என் எழுத்து..."

"உம்ம எழுத்துதான் வேணும்." பேனாவை நீட்டினார். "ஆனா அழகா எழுதிடாதீரும். அப்புறம் ஊரு நம்பாது."

எழுதினேன். இலைக்கு வெளியே கொஞ்சம் போய்விட்டது.

மட்டாஞ்சேரி,
1969 செப்டம்பர் 8, திங்கட்கிழமை, பூசை மணிக்கு முன்.